இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம், டார்ஜிலிங்

மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங்கில், ஜவகர் பர்வதம் என்னும் குன்றில் அமைந்த மலையேற்றப் பயிற்சிப் பள்ளி. 1953 மே 29 அன்று டென்சிங் நார்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். அதன் நினைவாக, பிரதமர் நேருவின் ஆர்வத்தாலும் முதலமைச்சர் பி.சி. ராயின் முயற்சியாலும் 1954 நவம்பர் 4 அன்று இது நிறுவப்பட்டது. முதல் முதல்வர் மேஜர் நரேந்திர தர் ஜெயால். அவர் 1958இல் சோ ஓயு மலைப் பயணத்தில் இறந்தார். களப்பயிற்சியின் முதல் இயக்குநர் டென்சிங்.

அடிப்படை, மேல்நிலைப் பயிற்சிகள் நடைபெறுகின்றன. முடிச்சிடுதல், பாறையேற்றம் ஆகியவற்றை டார்ஜிலிங்கில் பழகியபின், மாணவர்கள் மேற்குச் சிக்கிமின் சௌரிகாங் முகாமில் பனிக்கோடரியும் காலணியில் மாட்டும் முட்சட்டமும் கொண்டு பனியேற்றம் கற்கின்றனர்.

வளாகத்தின் அருங்காட்சியகம் 1957இல் தொடங்கப்பட்டது. இமயமலையின் புடைப்பு மாதிரி, எவரெஸ்ட் பயணங்களின் கருவிகள், உடைகள், படங்கள் இங்குள்ளன. டென்சிங் பயன்படுத்திய பொருள்களே இதன் தலையாய செல்வம். இந்திய மலையேற்ற வரலாற்றை அறிய இதற்கு நிகரான இடம் அரிது.

பத்மஜா நாயுடு விலங்கியல் பூங்காவின் வழியாகவே இங்குச் செல்ல வேண்டும். 1986இல் மறைந்த டென்சிங்கின் உடல் இவ்வளாகத்திலேயே எரியூட்டப்பட்டது. அங்கு அவரது சிலை நிற்கிறது.