பெண்களை விளிக்கும் மரியாதைச் சொற்கள்: ஐரோப்பாவும் கோலார் தங்கவயலும்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880இல் சுரங்க வேலையைக் கையிலெடுத்தது. பிறகு வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள் லைன் வீடுகளில் குடியேறினார்கள். ஆங்கிலேயர்களும் கார்ன்வால் சுரங்கக்காரர்களும் இத்தாலியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் அதே ஊரில் இருந்தார்கள். இத்தனை மொழிக்காரர்கள் கூடிய இடத்தில், முன்னே நிற்கும் பெண்ணை எப்படிக் கூப்பிடுவது?

வெள்ளைக்காரப் பெண்மணிக்குத் தமிழர் வைத்திருந்த சொல் துரைசாணி. 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி இதைப் பதிவு செய்திருக்கிறது: வங்காளத்தில் மேம்சாகிப், பம்பாயில் மேடம் சாகிப், சென்னைப் பக்கம் துரைசாணி. துரைசாணி என்றாலும் மேம்சாகிப் என்றாலும் அது ஆளும் இனத்தின் பெண்ணுக்கு உரியது. லைன் வீட்டுப் பெண்ணுக்கு அம்மா, அக்கா, ஆயா என்ற உறவுப் பெயர்கள்தான். இதில் ஆயா ஒரு வேடிக்கை. வட ஆற்காட்டுக் குடும்பத்தில் அது பாட்டி. வெள்ளைக்காரர் பங்களாவிலோ குழந்தை பார்க்கும் வேலைக்காரி. அந்த இரண்டாம் பொருள் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது.

ஐரோப்பிய மொழிகள் வேறொரு கேள்வியைக் கேட்டன: திருமணம் ஆயிற்றா இல்லையா? பிரெஞ்சில் மதாம், மத்மசேல். ஜெர்மனில் ஃபிராவ், ஃபிராய்லைன். இத்தாலியனில் சிஞ்ஞோரா, சிஞ்ஞோரினா. ஆங்கிலத்தில் மிஸஸ், மிஸ். ஆணுக்கு இப்படிப் பிரிவில்லை. மிஸ்டர் மணமானவரா என்று யாரும் கேட்பதில்லை. ஹங்கேரிய வழக்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. கணவனின் முழுப்பெயரோடு ‘நே’ என்ற விகுதியைச் சேர்த்தால் அதுவே மனைவியின் பெயர். அவளுடைய சொந்தப் பெயருக்கு அதில் இடமே இல்லை. ரஷ்யர்கள் பட்டம் எதுவும் சேர்க்காமல், பெண்ணின் பெயரையும் அவள் தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்லி மரியாதை காட்டுகிறார்கள். தமிழ்ப் பெண்ணின் இனிஷியலை வாய்விட்டுச் சொன்னால் ஏறக்குறைய அதுதான். போலந்தில் பெயருக்கு முன் ‘பானி’ சேர்க்கிறார்கள். நம் ஊரில் லட்சுமி, லட்சுமியம்மா ஆவதைப் போல.

இந்த ஐரோப்பியச் சொற்களில் தங்கவயல் தமிழில் ஆழமாக வேரூன்றியது மிஸ். கன்னியர் மடப் பள்ளிகளிலும் ஆங்கிலப் பள்ளிகளிலும் ஆசிரியை என்றாலே மிஸ்தான்; அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தாலும் மிஸ்தான். இந்த வழக்கத்துக்குப் பின்னால் இங்கிலாந்தின் கதை ஒன்று இருக்கிறது. அங்கே பல உள்ளாட்சி அமைப்புகள் திருமணமான பெண்ணை ஆசிரியையாக வைத்திருக்க மறுத்தன. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. வகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் மணமாகாதவர்கள் என்பதால் மிஸ் என்பது பதவிப் பெயர் போலவே ஆகிவிட்டது. ஜெர்மனியிலும் ஆசிரியை நெடுங்காலம் ஃபிராய்லைனாகவே இருக்க வேண்டியிருந்தது. ஸ்பெயினில் குழந்தைகள் இன்றும் ஆசிரியையை ‘சேஞ்ஞோ’ என்கிறார்கள். செல்வி என்று பொருள்படும் சேஞ்ஞொரீத்தாவின் சுருக்கம் அது. தடை போன பிறகும் சொல் மட்டும் தங்கிவிட்டது. தமிழர்கள் அதோடு ஓர் அம்மாவையும் ஒட்டிக்கொண்டார்கள். வேலைக்காக மணமானவள்போல் நடிக்கும் ஆசிரியையின் கதையை 1955இல் எல். வி. பிரசாத் படமாக்கியபோது, வைத்த பெயர் ‘மிஸ்ஸியம்மா’.

மருத்துவமனையிலும் மடத்திலும் சிஸ்டர், மதர். தொழிற்சங்க மேடையில் தோழர். அதில் ஆண் பெண் பேதமே கிடையாது. மரியாதைக்கு மண வாழ்க்கையை விசாரிக்காத சொற்கள் இவை.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் மெல்லத் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டன. மேற்கு ஜெர்மனி 1972இல் அரசு அலுவலகங்களிலிருந்து ஃபிராய்லைனை விலக்கியது. மணநிலையைச் சொல்லாத ‘மிஸ்’ (எழுத்தில் எம், எஸ் மட்டும்) அமெரிக்கப் பெண்ணியர்களால் 1970களில் பரவியது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1986இல்தான் அதை ஏற்றது. பிரான்சு 2012 பிப்ரவரியில் மத்மசேலை அரசுப் படிவங்களிலிருந்து நீக்கியது.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. துரைசாணி அதற்கு வெகு முன்னரே, துரைகளோடு போய்விட்டது. தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போகிறவர்கள் அங்கே மேடம் என்கிறார்கள். ஊரில் பிள்ளைகள் ஆசிரியையை மிஸ் என்கிறார்கள். ஆனால் மிஸஸ், மிஸ் என்பதைப் பார்த்துத் தமிழில் ஆக்கிக்கொண்ட திருமதி, செல்வி என்ற இரட்டைக் கட்டம் மட்டும் நம் விண்ணப்பப் படிவங்களில் இன்னும் அசையாமல் இருக்கிறது. பாரிஸ் அதை ஒரு சுற்றறிக்கையில் முடித்துக்கொண்டது, நாமும் முடித்துக்கொள்ளலாம்.