லாரியிலிருந்து வாசலுக்கு

எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டும் லாரிக்காரர்களுக்குப் பழகிப்போன, வண்டி கழுவும் 'வாட்டர் சர்வீஸ்' உயர் அழுத்த இயந்திரம் வீட்டுக்கு வந்தது பிந்தித்தான். ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் 1950-இல் சுடுநீர் உயர் அழுத்தக் கருவியைத் தொழில்களுக்காகச் செய்தது. தூக்கிச்செல்லும் வீட்டுக் கருவி வந்தது 1984-இல். தொழிலுக்கெனப் பிறந்த குணம் இன்னும் விடவில்லை: கடைக்காரர் இன்றும் அழுத்தத்தைச் சொல்லும் 'பார்' எண்ணையே காட்டுகிறார். காருக்கும் முற்றத்துக்கும் 100 பார் அளவே தாராளம். கேட்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று. சிறிய கருவிக்கு ஐந்தாறு லிட்டர் போதும். திறந்த குழாய் அதைப்போல் இருமடங்குக்கு மேல் கொட்டும்.

வீட்டுக்கு இந்தக் கருவி ஆடம்பரம் என்பார்கள். குழாயைவிடத் தண்ணீர் மிச்சமாவதால், 2019 கோடையில் பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டதைப் பார்த்த இந்தப் பகுதியில் அந்த வாதம் எடுபடாது. ஆனால் கழுவுவது எளிதாகிவிட்டதே என்று தினமும் கழுவினால் அந்தத் தண்ணீர்ச் சேமிப்பு கரைந்துவிடும். இந்த ஆட்சேபம் நியாயமானது. ஒரு கார் மட்டும் உள்ளவர்கள் வாளியும் துணியுமே வைத்துக்கொள்ளலாம்.