மண்ணும் கடலும் ஒரு கல்லறையும்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில், அட்லாண்டிக் கடலோரத்தில், செயின்ட் ஐவ்ஸ் என்னும் பழைய மீனவர் ஊர் ஒன்று உண்டு. அயர்லாந்திலிருந்து ஓர் இலையின் மீது கடல் கடந்து வந்தார் என்று மரபு போற்றும் புனித இயாவின் பெயரைத் தாங்கிய ஊர் அது. கடலைப் பார்த்தபடி அமைந்த அதன் கல்லறைத் தோட்டத்தில், சுட்ட மண் ஓடுகளால் மூடப்பட்ட ஒரு கல்லறை இருக்கிறது. ஓங்கி நிற்கும் கலங்கரை விளக்கமும், அதன் அடியில் சின்னஞ்சிறு மாலுமி ஒருவரும் அவ்வோடுகளில் தீட்டப்பட்டுள்ளனர்.

அங்கே துயில்பவர் ஆல்பிரட் வாலிஸ். ஏழையர் விடுதியில் உயிர்நீத்த முதியவர். ஓடுகளைச் செய்தவர் பெர்னார்டு லீச். உலகறிந்த மட்கலக் கலைஞர். இவ்விருவரையும் இணைத்த வரலாறு, கலை யாருக்காக என்னும் பழைய கேள்வியை நம்முன் வைக்கிறது.

லீச் 1887இல் ஹாங்காங்கில் பிறந்தார். பிறந்தபோதே தாயை இழந்தார். இங்கிலாந்தில் இயேசு சபையார் நடத்திய போமண்ட் கல்லூரியில் பயின்றார். பிற்காலத்தில் பஹாய் சமயத்தைத் தழுவினார். 1909இல் செதுக்கோவியம் கற்பிக்கும் எண்ணத்துடன் ஜப்பானுக்குச் சென்றார். 1911இல் அங்கு ஒரு விருந்தில் ஆளுக்கொரு கலத்தில் ஓவியம் தீட்டும்படி விருந்தினரைக் கேட்டார்கள். தாம் தீட்டிய கலம் சிறிது நேரத்திலேயே நெருப்பில் வெந்து, செந்தணலாய் வெளிவந்ததைக் கண்டார் லீச். கற்பிக்கப் போனவர் அன்றே மாணவரானார். ஆறாம் கென்சான் என்னும் முதிய குயவரிடம் தொழில் பயின்றார்.

1920இல் இளம் நண்பர் ஷோஜி ஹமாதாவுடன் செயின்ட் ஐவ்ஸ் வந்து தொழிற்கூடம் அமைத்தார். கடல் அவர்களுக்குக் காட்சியை வழங்கியது. தொழிலுக்குரிய வசதியை வழங்கவில்லை. கடற்காற்று வீசும் அப்பகுதியில் விறகு அரிது. ஏற்ற களிமண்ணையும் தேடியே அலைய வேண்டியிருந்தது. ஜப்பானிய முறைப்படி சரிவில் படிப்படியாக ஏறும் சூளையைக் கட்டினார்கள். தொடக்க ஆண்டுகளில் வெந்து வந்த கலங்களில் விரிந்தவையும் கோணியவையும் மிகுதி. 1923 செப்டம்பரில் பெரும் நிலநடுக்கம் ஜப்பானைத் தாக்கியது. அவ்வாண்டின் இறுதியில் ஹமாதாவும் தாயகம் திரும்பினார்.

ஆயினும் அதே 1923இல் மைக்கேல் கார்டியூ என்னும் இளைஞர் முதல் மாணவராக வந்து சேர்ந்தார். லீச்சின் வரலாற்றில் பெரும் திருப்பம் இதுவே என்பேன். தொழில் மறைவு என்பது குயவர் குடும்பங்களில் தலைமுறைச் சொத்து. லீச்சோ தாம் அறிந்ததை வந்தவர்க்கெல்லாம் வழங்கினார். மண்ணின் கலவை, மெருகின் அளவு, சூளையின் அமைப்பு அனைத்தையும் 1940இல் நூலாகவே எழுதி வெளியிட்டார். கார்டியூ பின்னாளில் இன்றைய கானாவுக்கும் நைஜீரியாவுக்கும் சென்று கற்பித்தார். 1950இல் வந்து பயின்ற வாரன் மெக்கன்சி, அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். ஓர் ஆசிரியரின் அளவு அவர் செய்த கலங்களில் மட்டுமா இருக்கிறது?

கடலும் நீரும் அவர் கலங்களில் கலந்தே வந்தன. 1931இல் அவர் செய்த, துள்ளும் சால்மன் மீன்கள் தீட்டிய பூச்சாடி பெரும்புகழ் பெற்றது. ஆனால் இத்தகைய தனிக்கலங்களைச் செல்வரே வாங்க இயலும். அன்றாட உணவு மேசைக்கு உரிய கிண்ணமும் குவளையும் சாடியும் செய்யாவிடில் தம் தொழில் முழுமை பெறாது என்று அவர் உணர்ந்தார். மகன் டேவிட்டின் துணையோடு, மாணவரும் உள்ளூர் இளைஞரும் சேர்ந்து செய்த அக்கலங்களில் கூடத்தின் முத்திரை மட்டுமே இருந்தது. செய்த கையின் பெயர் அங்கே மறைந்து நின்றது.

இனி வாலிஸுக்கு வருவோம். 1855இல் பிறந்தவர், கடலோடியாகவும், பின்னர் பழைய பொருள் வாங்கி விற்பவராகவும் வாழ்ந்தவர். 1922இல் மனைவியை இழந்தபின், தனிமைக்குத் துணையாக ஓவியம் தீட்டத் தொடங்கினார். கிழிந்த அட்டைகளில், படகுக்குப் பூசும் வண்ணத்தைக் கொண்டு, தாம் அறிந்த கப்பல்களையும் கலங்கரை விளக்கங்களையும் தீட்டினார். 1928இல் பென் நிக்கல்சன், கிறிஸ்டபர் வுட் என்னும் ஓவியர் இருவர் தற்செயலாக அவற்றைக் கண்டு வியந்தனர். புகழ் வந்தது; வறுமை அகலவில்லை. 1942 ஆகஸ்டில் மேட்ரன் ஊரின் ஏழையர் விடுதியில் அவர் கண் மூடினார்.

ஏழையர் குழியில் புதையவிருந்த உடலை நண்பர்கள் மீட்டனர். அப்போதுதான் லீச் அந்த ஓடுகளைச் செய்தார். இந்த இடத்தில் என் மனம் நெருடுகிறது. உயிரோடிருந்தபோது அம்முதியவருக்கு வேண்டியிருந்தது ஓர் அடுப்பும் ஒரு துணையும் அல்லவா? ஓடு தாமதமாகவே வந்தது. ஆயினும் விலை தர இயலாத ஒருவருக்காக, வாங்குவோர் எவருமின்றி, அது செய்யப்பட்டது என்பதையும் மறுக்க முடியாது.

கண்ணொளி மங்கியதால் 1972 அளவில் லீச் சக்கரத்தை விட்டு எழுந்தார், 1979இல் மறைந்தார். அவர் கூடம் 2008இல் அருங்காட்சியகமாகவும் தொழிற்கூடமாகவும் மீண்டும் திறக்கப்பட்டது. அருங்காட்சியகப் பேழைகளில் அவருடைய சாடிகள் பாதுகாப்பாக இருக்கின்றன. அந்த ஓடுகளுக்குப் பேழை இல்லை. மழையும் உப்புக்காற்றும் அவற்றின் மீது படிகின்றன. ஆண்டவரின் கைகளில் தன்னை ஒப்படைக்கும் ஆன்மாவின் மன்றாட்டு அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வாழ்நாளெல்லாம் கைகளால் மண்ணை வனைந்த ஒருவர் அச்சொற்களைப் பொறித்தபோது, தம்மையும் அதில் சேர்த்தே எண்ணியிருப்பார் என்று நம்ப எனக்கு விருப்பம்.