எழுதப்படாத ஏழாம் அத்தியாயம்

லெனினின் 'அரசும் புரட்சியும்' நூலுக்கு ஏழாவது அத்தியாயம் ஒன்று திட்டமிடப்பட்டிருந்தது. 1905, 1917 ரஷ்யப் புரட்சிகளின் அனுபவத்தை அது பேசியிருக்க வேண்டும். 1917 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் தலைமறைவாக இருந்தபடி ஆறு அத்தியாயங்களை எழுதியவருக்கு ஏழாவது வாய்க்கவில்லை. புரட்சியைப் பற்றி எழுதுவதைவிட அதனூடே வாழ்வதே இனிது என்ற பொருள்பட ஒரு பின்னுரையைச் சேர்த்து, 1918இல் நூலை வெளியிட்டார். அந்த அத்தியாயத்தை வரலாற்றில்தான் நாம் தேடி வாசிக்க வேண்டியிருக்கிறது.

நூலின் மையக் கருத்து கவர்ச்சியானது என்பதை மறுப்பதற்கில்லை. அரசு என்பது ஒரு வர்க்கம் மற்றொன்றை ஒடுக்கும் கருவி. வர்க்கங்கள் மறைந்தால் அதுவும் உலர்ந்து உதிரும். இது எங்கெல்ஸிடமிருந்து வந்தது. இடைக்காலத்துக்கு லெனின் காட்டும் முன்மாதிரி 1871ஆம் ஆண்டின் பாரிஸ் கம்யூன். அதிகாரிகள் அனைவரும் தேர்ந்தெடுக்கப்படுவர். எப்போது வேண்டுமானாலும் திருப்பியழைக்கப்படுவர். தொழிலாளியின் ஊதியமே பெறுவர். இதைவிடக் கண்டிப்பான ஜனநாயகத்தை யார் கேட்டுவிட முடியும்?

நமது ஐயம் இங்கேதான் எழுகிறது. திருப்பியழைக்கும் உரிமை ஏட்டில் மட்டும் தங்கிவிடாதிருக்க வேண்டுமானால், மாற்று ஆள் ஒருவரை முன்மொழியும் சுதந்திரம் வேண்டும். அவருக்காகப் பேசவும் அச்சிடவும் இடம் வேண்டும். வாக்களித்தவர் அச்சமின்றி வீடு திரும்ப வேண்டும். இவற்றுக்கான உத்தரவாதம் எதையும் நூல் வகுக்கவில்லை. ஆளப்போகும் கட்சியின் இடம் என்ன என்பது பற்றியும் அது வியப்பூட்டுமளவு குறைவாகவே பேசுகிறது. ஆட்சிபீடம் ஏறிய தொழிலாளி தொழிலாளியாக நீடிக்கமாட்டான் என்று பக்கூனின் 1873இலேயே எச்சரித்திருந்தார். மார்க்ஸ் அதை ஏளனத்தோடு கடந்துபோனார். லெனினும் அதை எதிர்கொள்ளவில்லை.

1917 டிசம்பரில் செக்கா என்னும் ரகசியக் காவல் அமைப்பு உருவானது. 1918 ஜனவரியில், தேர்தலில் போல்ஷெவிக்குகளுக்குப் பெரும்பான்மை கிட்டாத அரசியல் நிர்ணய சபை ஒரே அமர்வோடு கலைக்கப்பட்டது. உள்நாட்டுப் போரின் நெருக்கடி என்று நண்பர்கள் சமாதானம் சொல்வதுண்டு. பசியும் முற்றுகையும் மெய்தான். ஆனால் சபை கலைந்தபோது அந்தப் போர் முழுவீச்சில் மூண்டிருக்கவில்லை.

போர் ஏறத்தாழ ஓய்ந்த பின்னர் வந்த கிரான்ஸ்டாட்டை என்ன செய்வது? 1917இல் புரட்சியின் பெருமையாகப் போற்றப்பட்ட கடற்படைத்தளம் அது. 1921 பிப்ரவரி 28 அன்று 'பெட்ரோபாவ்லோவ்ஸ்க்' போர்க்கப்பலின் மாலுமிகள் தீர்மானம் இயற்றினர். ரகசிய வாக்கெடுப்பில் சோவியத்துகளுக்குப் புதிய தேர்தல் வேண்டும். தொழிலாளருக்கும் விவசாயிகளுக்கும் இடதுசாரிக் கட்சிகளுக்கும் பேச்சுரிமை, எழுத்துரிமை வேண்டும். ஆறு அத்தியாயங்களையும் நம்பிய ஒருவர் கேட்கக்கூடியவைதாம் இவை. பதிலாக உறைந்த கடலின்மீது படை வந்தது. மார்ச் 18 அன்று கோட்டையில் எல்லாம் அடங்கிவிட்டது. அதே நாளில் பெட்ரோகிராடில் பாரிஸ் கம்யூனின் ஐம்பதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.