பாகப்பத்திரத்தில் இல்லாத வாரிசு

தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டாகிறது என்பது நம் வேளாண் வரலாற்றெழுத்தில் ஓயாமல் வரும் சொல்லாடல். பொய்யில்லை. தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளரிடமிருந்த சராசரி நிலம் 1970-71இல் 1.45 ஹெக்டேர், 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஆனால் இந்தக் கவலை எப்போது, யார் வாயிலிருந்து வருகிறது என்பதே என் கேள்வி. நான்கு அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டால் அது ஊர்வழக்கம். அக்காக்காரி ஒருத்தி கேட்டுவிட்டால் மட்டும், 'காடு துண்டாப் போயிரும், அசலூர்க்காரன் வந்து வரப்புல நிப்பான்' என்பார்கள்.

பழைய பாகப்பத்திரங்களைப் படிப்பவர்களுக்குத் தெரியும், அவை எவ்வளவு நுணுக்கமானவை என்று. நான்கெல்லை, கிணற்றில் பங்கு, முறைத் தண்ணீர், மாமூல் வண்டிப்பாதை பாத்தியம், வரப்பிலுள்ள புளியமரம் எல்லாம் வந்துவிடும். மூத்தவன் பங்கு வைக்க, இளையவன் முதலில் எடுக்கும் வழக்கத்தில் ஒரு நீதியுணர்வும் உண்டு. இத்தனை நுணுக்கத்திலும் மகள்கள் வருவதில்லை. வந்தால், கல்யாணம் செய்து சீர் செய்தாகிவிட்டது என்ற ஒரு வரியில் வந்து போவார்கள். பிற்காலத்தில் அதுவே தனியாக ஒரு விடுதலைப் பத்திரமாயிற்று.

இந்த இல்லாமைக்குச் சட்டமும் துணை நின்றது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. 1937இல் விதவைகளுக்கு ஆயுட்காலப் பாத்தியம் தந்த மத்தியச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என 1941இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் அதை நிலத்துக்கும் நீட்டித்தது 1947இல். நகையும் வீடும் பெண்ணுக்குப் போகலாம், காணி போகக்கூடாது என்பதுதான் நடைமுறையில் அதன் அர்த்தம்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெரிய சீர்திருத்தம் எனப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பூர்வீகச் சொத்து 9 ஏக்கர், தாயில்லை, இரண்டு மகன்கள், ஒரு மகள். தந்தை உயில் எழுதாமல் இறக்கிறார். மகன்களுக்குப் பிறப்பாலேயே மும்மூன்று ஏக்கர். தந்தையின் மூன்று ஏக்கரில்தான் மூவருக்கும் ஒவ்வொன்று. ஆக மகன்களுக்கு நான்கு நான்கு, மகளுக்கு ஒன்று. சமம் என்ற சொல்லின் கீழே நாலுக்கு ஒன்று! இதை மாற்றி மகளையும் பிறப்பாலேயே பங்காளியாக்கிய தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலும், அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்கள் வெளியே நின்றார்கள். அவர்களைச் சட்டம் உள்ளே விட 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் வரவேண்டியிருந்தது. தந்தை அப்போது உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகம் 2020இல்தான் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது: வேண்டியதில்லை.

இந்த இடைக்காலத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது. 1970இல் அது 15 ஆனது. உச்சவரம்புக்கு மேல், பெண்களின் சீதனமாக 10 ஸ்டாண்டர்டு ஏக்கர் வரை வைத்துக்கொள்ளவும் அதே சட்டம் இடம் கொடுத்தது. நிலத்தை அரசிடமிருந்து காப்பாற்ற வேண்டி வந்தபோது பெண் பெயர் காகிதத்தில் தேவைப்பட்டது. அப்போது யாரும் துண்டாதல் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. பாகம் பிரிக்க உட்கார்ந்ததும் அவள் 'கட்டிக் குடுத்த புள்ள' ஆகிவிடுகிறாள்.

ஆகவே வாரிசு என்ற சொல்லை இரண்டாகப் பிளந்து பார்க்க வேண்டும் என்கிறேன். பத்திரத்துக்கு வாரிசு ஒருவர். பாடுபடுவதற்கு வாரிசு வேறொருவர். பழைய தஞ்சையில் இந்தப் பிளவு சாதியாக இருந்தது. மிராசு ஒரு வம்சத்தில் இறங்க, அந்த வயலின் உழைப்பு பண்ணையாள் குடும்பத்தில் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கிற்று. இன்று அதே பிளவு சிறுவிவசாயி வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. பட்டாவிலுள்ள மகன் திருப்பூரிலோ துபாயிலோ இருக்கிறான். நாற்று நடுவதும், மாட்டுக்குத் தண்ணி காட்டுவதும், கூலியாளுக்குச் சொல்லியனுப்புவதும் அவன் மனைவியோ தாயோ, சில இடங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்ட அக்காவோ. ஆனால் 2015-16 கணக்குப்படி இந்தியாவில் பெண்கள் பொறுப்பிலுள்ள சாகுபடிக் கைப்பற்றுகள் சுமார் 14 சதவீதம்தான். 2019இல் வந்த பிஎம் கிசான் உதவித்தொகையும் நிலப்பதிவைப் பார்த்தே விவசாயியை அடையாளம் காண்கிறது. களையெடுத்த கையை அந்தப் பதிவேடு அறியாது.

இளைஞர்கள் போய்விட்டார்கள், விவசாயத்துக்கு வாரிசில்லை என்று புலம்புகிறவர்கள் ஆண் வாரிசைத்தான் தேடுகிறார்கள். நம் வரலாற்றாசிரியர்களோ பாகப்பத்திரங்களோடு நின்றுவிடுகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகங்களில் கிடக்கும் விடுதலைப் பத்திரங்களை எடுக்கட்டும். யார், எத்தனை ஏக்கரை, என்ன பிரதிபலனுக்கு விட்டுக்கொடுத்தார்கள், அந்த நிலத்தில் இப்போது யார் வேலை செய்கிறார்கள் என்று ஒரே ஒரு பிர்க்காவுக்காவது எழுதிப் பார்க்கட்டும். நிலம் எப்படிக் கைமாறியது என்ற வரலாறு அங்கேதான் கிடைக்கும்.