எஸ்.எல்.ஆர். துப்பாக்கி: மேகசின் பொருத்தமும் தோட்டா ஊட்டக் கோளாறுகளும்

எஸ்.எல்.ஆர். என்பது பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் டியூடொன்னே சேவ் வடிவமைத்த எஃப்.ஏ.எல். துப்பாக்கியின் பிரிட்டிஷ் வடிவம். எல்1ஏ1 என்பது அதன் அலுவல் பெயர். இந்தியாவில் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை இதே வகையை 1ஏ1 என்ற பெயரில் தயாரித்தது. தமிழ்நாட்டுக் காவலர்களிடமும் இது நெடுங்காலம் புழங்கியது. இது சுடுவது 7.62×51 மி.மீ. தோட்டா. மேகசினில் 20 தோட்டாக்கள் கொள்ளும்.

இயங்கும் முறை

குண்டு பாயும்போது குழலிலிருந்து பிரியும் வாயு பிஸ்டனைத் தள்ள, போல்ட் பின்னோக்கிச் சென்று வெற்றுக்கூட்டை வெளியே எறிகிறது. பிறகு ஸ்பிரிங் விசையால் முன்னோக்கி வரும்போது மேகசினின் மேல் தோட்டாவை அறைக்குள் தள்ளுகிறது. மேகசின் உரிய உயரத்தில் நிற்பதும், போல்ட் முழுத் தூரம் பின்செல்வதும் தோட்டா ஏறுவதற்கு இன்றியமையாதவை.

பொருத்தக் கோளாறுகள்

மேகசினை நேராக மேலே செருகக் கூடாது. முதலில் அதன் முன்புற மூக்கைத் துப்பாக்கியில் மாட்டி, பின்புறத்தைச் சாய்த்து மேலேற்றித் தாழ் விழும்வரை அழுத்த வேண்டும். பிறகு கீழ்நோக்கி இழுத்துப் பார்ப்பது வழக்கம். தாழ் விழாவிட்டால் மேகசின் சற்றே தாழ்ந்து நிற்கும். போல்ட் தோட்டாவைத் தொடாமல் மேலே கடந்து வெற்று அறையில் மூடிக்கொள்ளும். தேய்ந்த மூக்கு, தளர்ந்த தாழ் ஸ்பிரிங், தாழின் அடியில் சேர்ந்த அழுக்கு ஆகியவற்றாலும் இதே விளைவு ஏற்படும்.

அங்குல அளவில் செய்த எல்1ஏ1 மேகசினில் தனியாகப் பற்றவைத்த பெரிய மூக்கு உண்டு. மெட்ரிக் அளவிலான எஃப்.ஏ.எல். மேகசினில் தகட்டிலேயே புடைத்த சிறு மேடுதான் இருக்கும். முன்னது மெட்ரிக் துப்பாக்கியில் நுழையாது. பின்னது அங்குலத் துப்பாக்கியில் நுழைந்தாலும் பெரும்பாலும் ஆடும். இரு வகைகளும் கலந்து கிடக்கும் கிடங்குகளில் இந்த வேறுபாட்டை முதலில் பார்க்க வேண்டும்.

ஊட்டக் கோளாறுகள்

மேகசினின் மேல் விளிம்புகள் விரிந்தால் தோட்டா உரிய கோணத்தைவிட உயர்ந்து முனை இடிக்கும்; நெளிந்து குறுகினால் வெளியேற மறுக்கும். உடல் தகடு அமுங்கியிருந்தால், தோட்டாக்களை மேலே தள்ளும் உள்தட்டு பாதியில் சிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால், போல்ட் திரும்பி வருவதற்குள் அடுத்த தோட்டா மேலே வந்து சேராது.

மேகசின் குறையைப் போலவே தோன்றும் இன்னொரு காரணம் வாயுக் குறைவு. வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் கேஸ் ரெகுலேட்டர் அதிகம் திறந்திருந்தால் வாயு வெளியே வீணாகி, போல்ட் பாதி வழியிலேயே திரும்பும். வெற்றுக்கூடு சோர்ந்து விழுவதும், அடுத்த தோட்டா ஏறாததும் இதன் அடையாளங்கள். எஃப்.ஏ.எல். வகையில் மேகசினில் ஒரே தோட்டா இட்டுச் சுட்டு, போல்ட் பின்னால் நிற்கும்வரை ரெகுலேட்டரை ஒவ்வொரு படியாக மூடி, அதன்மேல் இன்னும் இரண்டு படி மூடுவது வழக்கம். எல்1ஏ1 வகையில் கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் தானாகப் பின்னால் நிற்காது. அது கோளாறு அல்ல.

கண்டறியும் வரிசை

எந்தச் சோதனைக்கும் முன் குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்து, மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மேகசினை முதலில் கழற்றாமல் போல்ட்டை இழுத்தால் இன்னொரு தோட்டா அறைக்குள் ஏறிவிடும்.

அடுத்து, மேகசின்களுக்கு எண் இட்டு மாற்றிப் பார்க்க வேண்டும். கோளாறு ஒரே மேகசினோடு போனால் அதை ஒதுக்கிவிடலாம். எல்லா மேகசின்களிலும் நீடித்தால் தாழ், ரெகுலேட்டர், அறை, பிஸ்டன் என்ற வரிசையில் துப்பாக்கியைச் சோதிக்க வேண்டும். நெளிந்த விளிம்புகளைக் குறட்டால் நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்துவது நம்பத்தக்கதல்ல. அத்தகைய மேகசினை மாற்றுவதே முறை. தாழ், ரெகுலேட்டர் பழுதுகளை அதற்கான பயிற்சி பெற்ற ஆயுதப் பழுதுநீக்குநரிடம் விட வேண்டும்.