படபடப்பை அளந்தவர்கள்

சித்தூர் தாலுகாவிலுள்ள நல்லேப்பிள்ளி இன்று பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் 1949 வரை அந்தப் பகுதி கொச்சி ராஜ்யத்தின் கிழக்கு ஓரம். அந்த ராஜ்யத்தின் மனநல மருத்துவ வரலாற்றை எழுதுகிறவர்கள் 1889இல் திருச்சூரில் தொடங்கிய மனநோய் மருத்துவமனையிலிருந்து ஆரம்பிப்பார்கள். அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்கள் வீட்டாராலும் ஊராராலும் சமாளிக்க முடியாமல் போனவர்கள். நெஞ்சு படபடவென்று அடிக்க, ராத்திரி தூக்கம் வராமல், காரணம் தெரியாத பயத்தோடு மறுநாளும் வயலுக்குப் போனவர்களுக்கு அந்தப் பதிவேட்டில் இடமே கிடையாது. அவர்களைப் பற்றி ஊருக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் பேய் பிசாசு என்றே கிடந்தது, பிறகு விஞ்ஞானம் வந்து கண்ணைத் திறந்தது என்று சொல்வது சுலபம். அது பாதி உண்மைகூட இல்லை. பதற்றத்தை அடையாளம் காணவும் அதன் கடுமையைத் தரம்பிரிக்கவும் ஊரிடம் ஒரு முறை இருந்தது. அதில் இல்லாதது நோயாளியின் வாய்தான்.

அந்த முறைக்குப் படிகள் உண்டு. தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்தால் வீட்டுப் பெரியவள் திருநீறு பூசி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள். அதில் தெளியாவிட்டால் மந்திரிப்பவரிடம் போக வேண்டும். தண்ணீர் ஓதித் தருவார், கறுப்புக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கட்டுவார். மலையாள வீடுகளில் அதுவே சரடு ஜபித்துக் கட்டுவது. அதற்கும் அடங்காமல், சோறு இறங்காமல், ஆள் வேலைக்குப் போகாமல் படுத்துவிட்டால் சோட்டானிக்கரை பகவதியிடம் கூட்டிப்போய்ப் பஜனை இருக்க வைப்பார்கள். எந்தப் படி என்று தீர்மானித்தவை தூக்கம், சாப்பாடு, வேலை ஆகிய மூன்றும். இன்றைய மருத்துவரும் முதலில் கேட்பது இவற்றைத்தான். ஆனால் தீர்மானித்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கை நடுங்க நடுங்கத் தண்ணீர் சேந்தி, நேரத்துக்கு உலை வைத்த மருமகள் முதல் படியில்கூட ஏறவில்லை. வேலை நடந்ததால் நோய் கண்ணில் படவில்லை.

உடம்பில் தொடங்கியதற்காக ஊரைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்கு வந்த படபடப்பையும் மூச்சிரைப்பையும் 1871இல் விவரித்த டாக்டர் ஜேக்கப் டா கோஸ்டா, அதை இதயத்தின் கோளாறாகவே எழுதினார். ஃபிராய்ட் பதற்றத்தைத் தனி நரம்புநோயாகப் பிரித்தது 1895இல். மாக்ஸ் ஹாமில்டன் 1959இல் அதற்கு ஓர் அளவுகோல் செய்தார்: 14 இனங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 56. மதிப்பெண் போடுபவர் மருத்துவர்தான். நல்லேப்பிள்ளியில் பாட்டி இருந்த இடத்தில் இங்கே வெள்ளைக் கோட்டு. ஸ்பிட்சர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஜி.ஏ.டி.-7 வினாத்தாள், தானே நிரப்பும் வகையைச் சேர்ந்தது. ஏழே கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தை மட்டும் பற்றியவை. இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. கூட்டுத்தொகை 5ஐத் தொட்டால் லேசு, 10 என்றால் நடுத்தரம், 15உம் அதற்கு மேலும் கடுமை. அந்த மருமகளுக்கு இதில் 16 வந்திருக்கலாம், அடுப்பு ஒரு நாளும் அணையாமலே. ஒருவர் தன்னைத் தானே அளந்துகொள்ள முடிந்ததுதான் இதில் எனக்குப் பெரிய மாற்றமாகப் படுகிறது. நோய்க்குப் பெயர் சூட்டியது அதற்கு அடுத்ததுதான்.

சித்தூர்ப் பக்கத்து எல்லைப்புறத் தமிழருக்கு இந்தத் தாள் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. ஏழு கேள்விகளில் உடம்பு வெளிப்படையாக எட்டிப்பார்ப்பது ஒன்றில்தான்: ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு. வயிற்றைக் கலக்குகிறது, தொண்டை அடைக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது என்று சொல்லிப் பழகியவர் அதில் சைபர் போட்டுவிட்டு எழுந்துவிடக்கூடும். ஹாமில்டன் பட்டியலோ தசை, இதயம், மூச்சு, குடல் என்று உறுப்பு உறுப்பாகக் கேட்கிறது. விசித்திரம்தான், பழைய அளவுகோல் கிராமத்துப் பேச்சுக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனால் இது தாளைக் கிழித்துப்போடக் காரணமாகாது. உடம்பைப் பற்றியும் சேர்த்துக் கேட்க வேண்டும், அதுவும் தமிழில் கேட்க வேண்டும். மலையாளத்தில் கேட்டால் பாதிப் பேருக்கு நோவு ‘கேஸ்’, அதாவது வாயு, என்றே முடிந்துவிடும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: கவலைக்குக் காரணம் கண்முன்னே இருக்கும்போது அதை நோய் என்பதா? பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். கதிர் பிடிக்கும் சமயத்தில் அது தள்ளிப்போனால் நெல் போட்டவன் தூங்க மாட்டான். தூங்கினால்தான் ஆச்சரியம். அந்த இரண்டு வாரத்தில் தாளை நீட்டினால் ஊர் பாதிக்கு 10 வரும். ஆகவே கூட்டுத்தொகையை நோயின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, மருத்துவரைப் பார் என்ற சைகையாக எடுத்துக்கொள்ளலாம். மடையில் தண்ணீர் பாய்ந்த பிறகும் தவிப்பு நிற்காமல் பிள்ளையின் பரீட்சை, மாட்டின் இருமல், வராத போன் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினால் சேதி வேறு. கட்டுப்படுத்த முடியாத இப்படிப்பட்ட கவலை ஆறு மாதம் போலப் பெரும்பாலான நாட்களில் தொடர்ந்ததா என்று மருத்துவர் விசாரிப்பது அதனால்தான்.

கயிறு கட்டியும் பலருக்குத் தேவலையாயிற்றே என்பார்கள். ஆயிற்று. பதற்றம் ஏறி இறங்கும் இயல்புடையது. உச்சத்தில் கயிறு கட்டினால் இறக்கத்தின் புகழ் கயிற்றுக்குப் போகும். பக்கத்தில் ஒருவர் அக்கறையோடு உட்கார்ந்ததற்கும் பலன் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. சித்தூர்ப் பக்கத்துக்கே பேர்போன கள்ளும் சாயங்காலம் நடுக்கத்தை அடக்கிக் காட்டும், விடியும்போது அதைக் கூட்டியே திருப்பித் தரும். இதைக் கயிறு கட்டுபவரும் சொல்வதில்லை, வினாத்தாளும் கேட்பதில்லை. தைராய்டு மிகுந்தாலும் ரத்தம் குறைந்தாலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். ஆகையால் 10ஐத் தாண்டியவருக்கு முதலில் எழுதிக்கொடுக்க வேண்டியது பெரும்பாலும் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு.